பறவைகளின் காலில் இருந்த நூல்

கண்ணு, இந்த உறையை ஆபீசில் பிரிக்காதே. சாயங்காலம் சான்டா கிளாராவில் உன் வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, உட்கார்ந்து பிரி. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். மூன்று தடவை போனை எடுத்தேன். "சொல்லும்மா, மீட்டிங் இருக்கு" என்று நீ ஆரம்பித்ததும் மூன்று தடவையும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். முப்பத்தோரு வருடம் கோபியில் பெண் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தினவளுக்கு, தன் பிள்ளையிடம் ஒரு விஷயம் சொல்ல வாய் வரவில்லை. எழுத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. நானும் பயந்து பாதியில் நிறுத்த முடியாது.

கடினமான கேள்வியைக் கடைசியில் வைக்கிற வழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன பொங்கல் விழாவில் நம் சங்கம் தலைவருக்காக ஒரு பதக்கம் அடித்துக் கொடுத்ததே, அதில் பறவைகளின் காலில் நூல் கட்டியிருந்ததே, அதைக் கட்டியது உன் சிநேகிதன் செந்தில் இல்லை. நான். கை தவறி விழுந்த கோடு இல்லை, தெரிந்தே போட்டது. அதற்கான பழியைச் செந்தில் ஆறு மாதமாகச் சுமக்கிறான். வேலை போய், விசாவும் போகிற நிலையில், வருகிற சனிக்கிழமை மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவில் விமானம் ஏறப் போகிறான். அதற்குள் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இந்தக் கடிதத்தில் பாதியை அடுத்த வாரம் சங்கத்தின் மாத இதழிலும் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உன் காதில் மட்டும் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. செந்தில் மேல் பழி விழுந்தது சங்கக் கூட்டம் நடக்கிற பள்ளிக்கூடத்துக் கேன்டீன் ஹாலில், அறுபது எழுபது பேர் முன்னால். ஊரறிய விழுந்ததை ஊரறியத்தான் எடுக்க வேண்டும். இதழில் படிக்கிறவர்களுக்காக, உனக்கு நன்றாகத் தெரிந்ததையும் சில இடத்தில் விளக்கி எழுதியிருக்கிறேன். பொறுத்துக்கொள். வாத்தியார் புத்தி.

தலைவர் என்று இங்கே எல்லோரும் சொல்வது உன் முதலாளியைத்தான். பத்து வருடமாகச் சங்கத்துக்கும் அவரே தலைவர். இங்கே கிழக்குக் கரையில், பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிற நம் பையன்களில் பலர் அவர் கம்பெனி மூலம் வந்து இறங்கியவர்கள். எடிசனில் அவருடைய கெஸ்ட் ஹவுசில் ஏழெட்டுப் பேராகப் படுத்து, ரசம் வைக்கக் கற்றுக்கொண்டு, பிராஜெக்ட் கிடைக்கும்வரை காத்திருந்தவர்கள். நீயும் செந்திலும் அங்கே ஒரே மெத்தையைப் பங்கு போட்டீர்கள். விசா அவர் கையெழுத்தில், கிரீன் கார்டு மனுவும் அவர் கையெழுத்தில். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கூட, பத்திரமாக இருக்கட்டும் என்று அவர் பீரோவில் வாங்கி வைத்துக்கொள்வார். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பனியில் கார் நின்றுவிட்டால் முதலில் வந்து நிற்கிறவர் அவர்தான். ஆனால் அவர் இருக்கும் இடத்தில் பையன்கள் சிரிக்கிற சிரிப்பு வேறு மாதிரி இருக்கும். வகுப்பில் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்திருக்கும்போது நான் ஏதாவது சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

சங்கத்துக்குப் பத்தாம் ஆண்டு. பொன்னாடையும் கேடயமும் எல்லோருக்கும் சலித்துவிட்டது. இந்த முறை பதக்கம் அடித்து வீட்டுக்கு ஒன்று கொடுப்பது என்று விழாக் குழு முடிவு செய்தது. ஒரு பக்கம் தலைவர் முகம். மறுபக்கம் ஓர் ஆலமரமும் அதை அண்டி வாழும் பறவைகளும். மரம் அவரே சொன்ன யோசனை. நீ குழுவில் இருந்தாய். "எங்கம்மாவுக்கு இதெல்லாம் அத்துப்படி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாய்.

அத்துப்படி எல்லாம் இல்லை. நீ சனிக்கிழமைதோறும் என்னை நூலகத்தில் இறக்கிவிட்டுத் துணி துவைக்கப் போவாய். அந்த இரண்டு மணி நேரமும் நான் ஒரே ஒரு பெரிய புத்தகத்தைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். முந்நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் அடித்த நினைவுப் பதக்கங்களைப் பற்றியது. பரோக் காலம் என்பார்கள். மேகமும் சுருளும் சிறகு வைத்த தேவதைகளுமாக எதையும் நிரப்பி வைத்த காலம். அந்த நூற்றாண்டைப் போர், உடன்படிக்கை, மறுபடி போர் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். இந்தப் பதக்கங்களைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லை, எனக்கே தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பிரெஞ்சு அரசன் ஒருவன் சூரியனைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டான். கோட்டை பிடித்தால் ஒரு பதக்கம், பிள்ளை பிறந்தால் ஒரு பதக்கம். ஒரு பக்கம் அவன் முகம், மறுபக்கம் உலக உருண்டைக்கு மேல் சூரியன். நம் ஊரில் கட்அவுட் செய்கிற வேலையை அவனுக்கு வெள்ளியும் வெண்கலமும் செய்தன. அவனுக்கு ஆகாதவர்கள் அவனை எதிர்க்கப் புதிதாக ஒரு சின்னம் தேடவில்லை. அவன் சூரியனையே எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் அந்தச் சூரியனைக் கிரகணம் பிடிக்கிறது. இன்னொன்றில் சூரியனின் தேரை ஓட்டத் தெரியாமல் ஓட்டி ஒருவன் தலைகுப்புற விழுகிறான். மதச் சண்டையில் அடித்த ஒரு பதக்கம் உண்டு. நேராகப் பிடித்தால் மதகுருவின் முகம், தலைகீழாகத் திருப்பினால் பிசாசு. சிலவற்றில் கிண்டல் வாசகம் விளிம்பைச் சுற்றி ஓடும், கையில் வைத்து உருட்டினால்தான் படிக்க முடியும். சபையில் பார்த்துப் பாராட்டலாம், வீட்டுக்கு வந்து சிரிக்கலாம். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பல பதக்கங்களில் செதுக்கியவன் பெயரே இல்லை என்பதையும் கவனித்தேன். அப்போது அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

ஆலமரத்தைப் பென்சிலால் வரைந்தேன். விழுதுகள், இலைகள், ஏழு பறவைகள். நீ குளித்துக்கொண்டிருந்தபோது, பறவைகளின் காலிலிருந்து மெல்லிய கோடு இழுத்து அடிமரத்தில் கொண்டுபோய் முடிந்தேன். விழுதுகளுக்கு நடுவே அது தனியாகத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். மறுநாள் செந்தில் கம்ப்யூட்டரில் வரைவதற்காக வாங்கிக்கொள்ள வந்தான். நீதான் அவனைப் பற்றிச் சொல்வாய், கொடுத்ததைக் கோடு மாறாமல் செய்கிறவன் என்று. படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது விழுதுங்களா?" என்று கேட்டான். "அப்படியே போடு சாமி" என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் அப்படியே போட்டான்.

கோப்பையும் கேடயமும் செய்கிற ஒரு கடையில் நூற்றைம்பது பதக்கங்கள் அடித்து வந்தன. அந்தக் கடைக்காரர் மரத்தையும் பறவைகளையும் மேலே எழுப்பாமல், கோடுகளை உள்ளே வெட்டிவிட்டார். அதில் ஓர் ஆபத்து இருந்தது. நான் படித்த புத்தகத்தில் இருக்கிற எந்தச் சிற்பிக்கும் அந்த ஆபத்து வந்திருக்காது. நம் வீடுகளில் வெண்கலத்தில் வட்டமாக எது வந்தாலும் எங்கே போகும்? சாமி படத்துக்குப் பக்கத்தில்தான். சமையலறைக் கேபினெட்டில் மகாலட்சுமியின் காலடியில் சாய்த்து வைத்தார்கள். மனுஷர் முகத்துக்குப் பொட்டு வைப்பானேன் என்று மரம் இருக்கிற பக்கத்தைத் திருப்பி வைத்து, அதற்குக் குங்குமம் இட்டார்கள். மூன்றாவது வெள்ளிக்கிழமை லலிதா ஆன்ட்டி ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். மேலே இருந்த குங்குமம் போயிற்று. வெட்டிய கோட்டுக்குள் இறங்கியது போகவில்லை. பறவைகளின் காலில் சிவப்புச் சிவப்பாக நூல்.

"ஏங்க, இங்க வாங்க. இந்தக் குருவிங்க காலையெல்லாம் கட்டிப் போட்டிருக்காங்களே" என்று அவர் தன் கணவரைக் கூப்பிட்டதுதான் தொடக்கம். ஒரே வாரத்தில் பிளெய்ன்ஸ்பரோவில் குங்குமம் தேய்த்துப் பார்க்காத வீடு இல்லை. கெஸ்ட் ஹவுஸ் பையன்கள் குங்குமத்துக்கு எங்கே போவார்கள், மிளகாய்ப்பொடியைத் தேய்த்திருக்கிறார்கள். "இது நாந்தான்டா, பாரு, தொந்திகூட இருக்கு" என்று ஒருவன் ஒரு பறவையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டானாம். நீ இதையெல்லாம் வந்து சொன்னபோது உன் முகம் வெளுத்திருந்தது. எனக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதை மறைத்துக்கொண்டு உனக்குத் தோசை ஊற்றினேன்.

பிப்ரவரியில் கூட்டம் நடந்தது. தலைவர் கத்தவில்லை. பதக்கத்தை மேசைமேல் வைத்து, இதை யார் வரைந்தது என்று மட்டும் கேட்டார். செந்தில் எழுந்தான். "நான்தாங்க. டீச்சரம்மா குடுத்த படத்தைத்தாங்க அப்படியே போட்டேன்" என்றான். ஹால் முழுக்க என் பக்கம் திரும்பியது. "அப்படிங்களா டீச்சர்?" என்றார் தலைவர். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உன் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அந்த மாதம்தான் உன் கிரீன் கார்டு மனு அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. நான் எழுந்து நின்றேன். பாடம் நடத்துகிற அதே குரலில், "நான் நிழலுக்குத்தாங்க கோடு போட்டேன். நூலெல்லாம் நான் போடலை" என்றேன்.

அவ்வளவுதான். வெள்ளைச் சேலை கட்டின டீச்சரம்மா பொய் சொல்வாளா? யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. செந்தில் மட்டும் என்னைப் பார்த்தான். என்னுடைய பென்சில் படம் அவன் வீட்டில் இருந்தது. பத்து நிமிஷத்தில் காரில் போய் எடுத்துவந்து அந்த மேசைமேல் போட்டிருக்கலாம். அவன் தலைவர் பக்கம் திரும்பி, "சாரிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். இரண்டு வாரத்தில் அவனுடைய பிராஜெக்ட் முடிந்துவிட்டது என்றார்கள். வேறு பிராஜெக்ட் இல்லை என்றார்கள். அவன் கலிஃபோர்னியாவில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து போனான். அதுவும் இந்தக் கோடையில் மூடிவிட்டது. எங்கம்மா பேரைக் கெடுக்கப் பார்த்தான் என்று சொல்லி நீ அவனோடு பேச்சை நிறுத்தினாய். அதை நீ என்னிடமே சொன்னாய். நான் தலையாட்டினேன்.

அந்தப் புத்தகத்தில் ஒரு கதை உண்டு. முன்பு படித்தபோது வேடிக்கையாக இருந்தது. கடலோரத்துச் சின்னக் குடியரசு ஒன்றின் தூதர், சூரியனைக் கை நீட்டி நிறுத்துகிற மாதிரி ஒரு பதக்கம் அடித்திருக்கிறார்கள் என்று அந்தச் சூரிய அரசனின் காதுக்குப் போயிற்று. அப்படி ஒன்று உண்மையில் அடிக்கப்பட்டதா என்பதிலேயே சந்தேகம் இருக்கிறதாம். அவனைச் சீண்டிய வேறொரு பதக்கத்தின் அச்சைப் பயந்து உடைத்தும் போட்டார்களாம். பயனில்லை. சில வருடத்தில் அரசனின் படை வந்தது. சொல்லப்பட்ட காரணங்களில் பதக்கமும் ஒன்று. படையைத் தடுக்க அந்த மக்கள் கரையை உடைத்து, தங்கள் நிலத்தின் மேலேயே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். யார் நிலம் மூழ்கியது? அந்தப் பதக்கத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத குடியானவன் நிலம். செதுக்கியவனுக்கு என்ன ஆயிற்று என்று புத்தகத்தில் போடவில்லை. என் விஷயத்தில் நான் போடுகிறேன். செதுக்கியவள் அதே அப்பார்ட்மென்டில் சுகமாகத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

செந்திலிடம் எல்லோர் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவன் வரைந்த ஒவ்வொரு கோடும் நான் கொடுத்த கோடு. ஏன் செய்தேன் என்பதை இதழில் சொல்லவில்லை. காரணம் சொல்ல ஆரம்பித்தால் மன்னிப்புக்குப் பேரம் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

இதழுக்குக் கொடுத்தது இதுவரைதான். இனி எழுதுவது உனக்கு மட்டும்.

காரணம் உன் அப்பா. தொண்ணூற்றொன்பது மார்கழியில் அவர் போனபோது நீ வரவில்லை. "தலைவர் விட மாட்டேங்கறாரும்மா. ரெண்டாயிரம் பொறந்து கம்ப்யூட்டர் எல்லாம் ஓடுதான்னு பாக்கற வரைக்கும் ஒருத்தரும் நகரக்கூடாதுங்கறார்" என்று போனில் அழுதாய். உன் பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் கேட்டவர்களுக்கெல்லாம், பையன் வரத்தான் துடிக்கிறான், முதலாளி விடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல அந்த முகம் தெரியாத ஆள்மேல் எனக்குள் ஒன்று இறுகியது. நான் இங்கே வந்த பிறகு, அவர் விழாவுக்கு விழா மாலை போட்டுக்கொண்டு, "என் பசங்க" என்று உன் தோளில் கை வைத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அது இன்னும் இறுகியது. பதக்கம் என் கைக்கு வந்தபோது வேறு எதையும் வரைய என்னால் முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செந்திலின் மனைவி போன் செய்தாள். லிவர்மோர் கோவிலில் உன்னைப் பார்த்தார்களாம். செந்தில் இரண்டு எட்டு முன்னால் வந்தானாம். நீ பிரகாரத்தில் வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டாயாம். தலைவர் இந்தக் கோடையில் உன் பொறுப்பில் விட்ட கலிஃபோர்னியா கிளைக்கு, உன் பெயருக்கே அவன் ரெஸ்யூமே அனுப்பி மூன்று வாரம் ஆகிறதாம், பதில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை அவள். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாங்கம்மா, நாங்க கெளம்பறோம். அவருக்கு ஃப்ரெண்டு போனதுதான் தாங்கலை" என்றாள். அப்புறம், "உங்க பென்சில் படம் எங்ககிட்டதாங்க இருக்கு. கிழிக்கவும் மாட்டேங்கறார், காட்டவும் மாட்டேங்கறார். நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். செந்திலைப் பற்றி மெதுவாக எடுத்தேன். "அவன் பண்ணினதுக்கு அவன் அனுபவிக்கறான், விடும்மா" என்றாய். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. ஒரு கிளைக்குப் பொறுப்பான ஆபீசர் ஒரு ஃபைலை மூடுகிற குரல். அதற்கு மேல் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

நேற்றுக் காலை, நீ அங்கே போன பிறகு எனக்குத் துணைக்கு வந்திருக்கும் உன் அக்காவைத் தலைவர் வீட்டுக்குக் கார் ஓட்டச் சொன்னேன். அவளைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் இறங்கினேன். அவர் அரை டிராயர் போட்டுக்கொண்டு புல் வெட்டிக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்திவிட்டு, "வாங்க டீச்சர், காபி சொல்லட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். நின்றபடியே சொன்னேன், நூல் நான் போட்டது, கூட்டத்தில் சொன்னது பொய், இதழில் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று. அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அதிர்ச்சியே இல்லை.

"எனக்குத் தெரியுங்க" என்றார்.

வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏழு பறவை. ஆறுக்கு நூல் இருக்கு, ஒண்ணுக்கு மட்டும் இல்லை. பசங்க எவனாவது போட்டிருந்தா ஏழுக்கும் போட்டிருப்பான். ஒண்ண மட்டும் விட்டுப் போட மனசு வர்றது ஒரு அம்மாவுக்குத்தான்" என்றார். அது உண்மை. ஏழாவது பறவைக்குக் கோடு போடப் பென்சிலை வைத்தேன். உன் முகம் வந்தது. எடுத்துவிட்டேன்.

தெரிந்தேதான் செந்திலை அனுப்பினீர்களா என்று கேட்டேன். அவர் மெஷினில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். "அத்தனை பேர் சிரிச்சுட்டாங்க. யாராவது ஒருத்தன் போகணும். உங்களை எங்கேங்க அனுப்பறது?" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் கர்வம் இல்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது.

அப்போது எனக்கும் வாய் திறந்தது. என் வீட்டுக்காரர் காரியத்துக்குப் பிள்ளையை விடாதவர்தானே நீங்கள், அந்த நூலில் என்ன பொய் இருக்கிறது என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவன் அப்படியா சொன்னான்?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "டிக்கெட் போடச் சொன்னதே நான்தாங்க. ரெண்டு நாள் பேசினேன் அவன்கிட்ட. போனா விசா ஸ்டாம்பிங்ல மாட்டிக்குவேன், திரும்பி வர முடியாதுன்னு அவன்தான் மாட்டேன்னுட்டான். பயந்துட்டான். சின்னப் பையன்தானே. என் பேரைச் சொல்லியிருந்தா சொல்லிட்டுப் போகட்டும். முதலாளின்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்?"

அவர் சொன்னது உண்மையா என்று நான் உன்னைக் கேட்கப் போவதில்லை. அவருக்கும் பொய் சொல்லத் தெரியும். சர்டிபிகேட்டுகள் அவர் பீரோவில்தான் இருக்கின்றன, செந்திலை அனுப்பியது அவர்தான். அந்த நூல்கள் எல்லாம் பொய் இல்லை. ஆனால் அவர் அதைச் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. வேறொன்று ஞாபகம் வந்தது. உனக்கு அப்போது எட்டு வயது. சாயப்பட்டறைத் தண்ணீரை வாய்க்காலில் விடுகிறார்கள் என்று உன் அப்பா கலெக்டருக்கு மனு எழுதினார். பட்டறை முதலாளி, அப்பா வேலை பார்த்த கூட்டுறவு வங்கியில் பெரிய ஆள். மொட்டைக் கடுதாசி போடுங்கள், உங்களுக்கு எதுக்கு வம்பு என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. பெயர், வேலை, கதவு எண் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளவாடி மலைக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு வருடம் நீ அவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்த்தாய். "அப்பா எதுக்கும்மா பேரு போட்டாரு?" என்று ஒருநாள் கேட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கெட்டிக்காரரா இருந்தா போட்டிருக்க மாட்டாரு" என்றேன். அலுப்பில் சொன்னது. ஆனால் நான் எத்தனையோ வகுப்பில் நடத்திய பாடங்களைவிட அந்த ஒரு வரி உன்னிடம் நன்றாகப் பதிந்துவிட்டது. பெயர் போடாதே, மாட்டிக்கொள்ளாதே, உன்னைக் காப்பாற்றிக்கொள். நானும் அதைத்தான் செய்தேன். உன் அப்பாவுக்காக என்று சொல்லிக்கொண்டு, அவர் ஜென்மத்தில் செய்யாத காரியத்தை வெண்கலத்தில் செய்தேன். அந்தப் பதக்கம் வேறென்ன, நூற்றைம்பது பிரதி எடுத்த மொட்டைக் கடுதாசி.

கிளம்பும்போது செந்திலை மறுபடி எடுத்துக்கொள்ள முடியுமா என்று தலைவரைக் கேட்டேன். தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். கலிஃபோர்னியா கிளையிலிருந்து ஆள் வேண்டும் என்று கேட்டு எழுத வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் அன்றைக்கே மனு போட்டுவிடலாம், மனு போய்விட்டால் அவர்கள் விமானம் ஏற வேண்டியதில்லை என்றார். "கேட்க வேண்டியவன் உங்க பையன். அவன் கேட்டா நான் கையெழுத்துப் போடறேன். நீங்க சொல்லி நான் செய்ய மாட்டேன்" என்றார். உன் மனு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "இதழ்ல வந்த பிறகு நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாதுங்க. உங்க பையன்மேல கை வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க." நான் சத்தியம் கேட்கவில்லை. காரில் வந்து உட்கார்ந்தேன். அக்கா என்ன ஆச்சு என்றாள். வீட்டுக்குப் போ என்றேன்.

ஆக, உன்னை ஓர் இக்கட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். தெரிந்தேதான் நிறுத்தியிருக்கிறேன். இதழில் வராமல் நிறுத்திவிடும்மா என்று நீ கேட்கலாம். நிறுத்த மாட்டேன். இத்தனை வருடம் காத்திருந்த அந்தக் கார்டு என்னால் தள்ளிப்போனால், என்னால் போனது என்று எல்லோரிடமும் சொல். அது உண்மை. செந்திலுக்காக எழுதிக் கேட்பது மட்டும் உன் கையில் இருக்கிறது. அதை நான் செய்ய முடியாது. செய்ய முடிந்திருந்தால், உன்னைக் கேட்காமல் செய்திருப்பேன், என்னைப் பற்றித்தான் உனக்கு இப்போது தெரியுமே.

அப்பா விஷயத்தில் எனக்குப் பதில் எழுத வேண்டாம். போனில் அழவும் வேண்டாம். நீ பயந்திருந்தால், அதைச் சொல்ல எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். நானே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஆறு மாதம் எடுத்துக்கொண்டவள். எனக்கு உன்னிடம் கோபம் இல்லை. இருந்தாலும் தீர்ந்துவிடும். செந்திலுக்குத்தான் நாள் இல்லை. இதை நீ படிக்கும்போது செவ்வாய்க்கிழமை சாயங்காலமாக இருக்கும். அவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். குழந்தை அழுதுகொண்டிருக்கும். அவன் நம்பர் உன்னிடம் இருக்கும், நீ எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, சட்டைகூட மாற்றாமல் போனை எடு. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு உட்காராதே, யோசித்தால் நாள் போய்விடும். அவன் எடுத்ததும், "எங்கம்மா பொய் சொல்லிட்டாங்கடா" என்று ஆரம்பி.